தனித்த பெட்டைக்கு யார் துணை?

கீரி கொண்டுபோனது போக எங்கள் கூட்டில் எஞ்சியது ஒரேயொரு பான்டம் பெட்டை. இரங்கிய நண்பர்கள் சொன்னது ஒன்றுதான்: இன்னொன்றை வாங்கி உள்ளே விடுங்கள். இரக்கத்தின் பெயரால் நிகழும் அவசரம் இது என்றே கருதுகிறோம்.

கோழிகளிடையே கொத்து வரிசை உண்டென்பதை நார்வேயின் ஷெல்டெரப்-எப்பே 1920களிலேயே விளக்கிவிட்டார். புதியவள் ஒருத்தி மட்டும் வந்தால் அத்தனை கொத்தும் அவள் தலையில்தான் விழும். எனவே இருவராக வரவேண்டும். ஒத்த உருவமும் வளர்ந்த பருவமும் வேண்டும். பெருங்கோழியும் ஆகாது, குஞ்சும் ஆகாது. சில்கி, பீக்கின் போன்ற சாதுவான இனங்கள் நன்று.

நோய்க்கு அஞ்சி முதல் மூன்று வாரம் அவர்களுக்குத் தனியிடம். அடுத்த ஒரு வாரம் நடுவே கம்பிவலை: பார்க்கலாம், கொத்த முடியாது. அதன் பிறகே ஒரே கூடு. அப்போதும் தீனிக்கும் தண்ணீருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரங்கள். சில்லறைக் கொத்தல்களில் தலையிடலாகாது. குருதி கண்டால் பிரித்தே ஆகவேண்டும்.

அந்த ஒரு மாதமும் பழையவள் தனிமையில் வாடமாட்டாளா? வாடுவாள், எங்களவளும் வாடினாள். ஆயினும் துணை தேவைப்படுவது அவளுக்கு. அவசரமோ எங்கள் குற்றவுணர்வுக்கு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டிருந்தால், வந்தவர்களையும் இழந்திருப்போம்.