தற்காலிகக் கொட்டிலும் நிரந்தரக் கடதாசியும்

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவில் வீடிழந்த மலையகக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை. அவர்களை எந்தக் காணியில், எவ்வளவு காலத்துக்குக் குடியமர்த்துவது என்ற கேள்வி எழுந்தது. அம்பாறைக் கரையோர மக்களாகிய எங்களுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இதே கேள்வியோடு வருடக்கணக்கில் வாழ்ந்தவர்கள் நாங்கள். ஆகவே இது பற்றிப் பேசும் உரிமையும் கடமையும் எங்களுக்கு உண்டு.

நான் சொல்ல வருவது இதுதான். வெறுங்காணியில் தற்காலிகக் குடியிருப்பு அமைக்கும்போது, முதல் தடியை நடுவதற்கு முன்னர் மூன்று விடயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். காணி யாருடையது? எத்தனை மாதத்துக்கு? அதன் பிறகு எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் போடப்படும் கொட்டில், எவ்வளவு நல்ல தகரத்தால் மேயப்பட்டாலும், அதில் இருப்பவர்களைப் பல வருடங்களுக்கு அந்தரத்தில் தொங்கவிடும்.

சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கு மரணித்தனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கரையோர ஊர்களில் வீடிழக்காத குடும்பத்தைத் தேட வேண்டியிருந்தது. மக்கள் முதலில் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தங்கினார்கள். பிறகு கூடாரங்கள் வந்தன. அதன் பிறகு பலகையும் தகரமும் கொண்டு சுமார் 200 சதுர அடியில் தற்காலிக வீடுகள் அமைக்கப்பட்டன. நாடு முழுவதும் அப்படி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கொட்டில்கள் எழுந்தன.

எங்கள் பகுதியில் அவற்றைப் போட இடம் எங்கே இருந்தது? கிழக்கே கடல். மேற்கே கரைவாகு வட்டை வயல்கள். நடுவில் ஒரு ஒடுங்கிய நிலத்துண்டில் வீட்டோடு வீடு ஒட்டி வாழும் ஊர்கள் இவை. போதாததற்கு வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டு எங்கள் ஊர்களில் ‘65 மீற்றர்’ என்ற பேச்சு வந்தது. எல்லை எங்கே என்று முடிவாகும் வரை யாருக்கு எங்கே காணி கொடுப்பது என்பதும் முடிவாகவில்லை. ஓரிரு வருடங்களுக்கென்று போட்ட கொட்டில்களில் பல குடும்பங்கள் அதையும் தாண்டிக் கிடந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

நான் ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறிக் கற்பிக்கத் தொடங்கிய காலம் அது. என் வகுப்பில் முகாம்களிலிருந்து வந்த பிள்ளைகள் இருந்தார்கள். பதிவேட்டில் அவர்களின் முகவரியாக எதை எழுதுவது என்பதே ஒரு பிரச்சினையாக இருந்தது. கடலோடு போன வீட்டின் இலக்கத்தையா, முகாமின் பெயரையா? இது சின்ன விடயம் போலத் தோன்றும். ஆனால் முதலாம் தர அனுமதிக்கு வதிவிடத்தை உறுதிப்படுத்தும் ஆவணம் கேட்கப்படும். உறுதி, மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்புப் பதிவு ஆகியவற்றுக்குப் புள்ளி உண்டு. கொட்டிலில் இருக்கும் தாயிடம் இவற்றில் எது இருக்கும்? கூரை தற்காலிகம் என்றால் முகவரியும் தற்காலிகமாகிறது. முகவரி தற்காலிகமானால் பிள்ளையின் பாடசாலை, தகப்பனின் வாக்கு, குடும்பத்தின் நிவாரணம் எல்லாமே ஆட்டம் காண்கின்றன.

காணி பற்றிய சட்டத்தை எங்கள் மக்கள் தெளிவாக அறிந்து வைத்திருக்க வேண்டும். “முதலில் போய் இருப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம்” என்று சொல்வது எங்களிடம் ஒரு பழக்கம். தனியார் காணியொன்றில் 10 வருடங்கள் எதிர்ப்பின்றி, உரிமையாளரைப் போல ஆண்டு வந்தால் ஆட்சியுரிமை கோரலாம் என்று காலவதிச் சட்டத்தில் இடம் உண்டு. அரச காணிக்கு அது பொருந்தாது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் மீளப்பெறல் சட்டத்தின் கீழ் வெளியேறும்படி அறிவித்தல் வந்து, விடயம் நீதவான் முன் சென்றால், அங்கே கேட்கப்படுவது ஒரேயொரு கேள்விதான்: உங்களிடம் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? எத்தனை வருடம் இருந்தோம், எத்தனை தென்னை வைத்தோம், கிணறு யார் வெட்டியது என்ற கதைகளுக்கு அங்கே இடமில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி காணிக் கச்சேரி வைத்து ஆட்களைத் தெரிந்து பொமிட் கொடுப்பதே ஒழுங்கு. அந்தக் கடதாசி இல்லாதவருக்குக் கொட்டில் பாதுகாப்புத் தராது.

இந்த மாவட்டத்திலேயே இதற்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன. மூன்றும் மூன்று சமூகங்களுடையவை.

முதலாவது நுரைச்சோலை. அக்கரைப்பற்றில் சுனாமியால் பாதிக்கப்பட்ட மக்களுக்கென்று சவூதி அரேபியாவின் நிதியில் அங்கே 500 வீடுகள் கட்டப்பட்டன. பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை என்று ஒரு முழு ஊருக்கு வேண்டியவை எல்லாம் திட்டத்தில் இருந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. வீடுகள் தேசிய இன விகிதாசாரப்படி பகிரப்பட வேண்டும் என்று 2009இல் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு அவை வருடக்கணக்கில் கையளிக்கப்படாமல் பற்றைக்காடு மூடிக் கிடந்தன. இதை அநீதி என்று எங்கள் சமூகம் சரியாகவே சொல்கிறது. ஆனால் வழக்கின் மையத்தில் சுவரும் கூரையும் இருக்கவில்லை. காணி எந்த முறையில், யாருக்குப் பகிரப்படுகிறது என்பதே அங்கே இருந்தது. அந்த முறை ஆரம்பத்திலேயே எவரும் அசைக்க முடியாதபடி எழுதப்பட்டிருந்தால் எதிர்ப்பவர்களுக்குப் பிடிமானம் குறைந்திருக்கும் என்பது என் கருத்து.

இரண்டாவது பாணமை. பொத்துவிலுக்குத் தெற்கே ராகம்வெல, சாஸ்திரவெல போன்ற இடங்களில் விவசாயம் செய்து வந்த மக்கள் 2010 ஜூலையில் விரட்டப்பட்டார்கள். அவர்களின் கொட்டில்கள் எரிக்கப்பட்டன. பின்னர் அந்தக் காணிகளில் படையினர் நிலைகொண்டார்கள். 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. ஒரு வருடம் கடந்தும் தரையில் எதுவும் நடக்கவில்லை. 2016 மார்ச்சில் மக்கள் தாங்களே உள்ளே சென்று தற்காலிகக் கொட்டில்களைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அமைச்சரவைத் தீர்மானம் கையில் இருந்தும் தரையில் காணி கிடைக்க அவர்கள் தடியும் கிடுகும் தூக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது பொத்துவில் கனகர் கிராமம். 1990இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் திரும்பி வந்தபோது காடு வளர்ந்திருந்தது. காடு வளர்ந்த காணி வன இலாகாவின் காணி என்றானது. 2018 ஓகஸ்ட் முதல் அம்மக்கள் வீதியோரத்தில் கொட்டில் போட்டுப் போராடினார்கள். தங்கள் காணிக்குப் போவதற்காக இன்னோர் இடத்தில் தற்காலிகமாகக் குடியிருக்க வேண்டிய நிலை அது.

முஸ்லிம்களுக்குக் கட்டிய வீட்டில் ஆள் இல்லை. சிங்களக் கிராமத்தவருக்குத் தீர்மானம் இருந்தும் காணி இல்லை. தமிழருக்கு ஊர் இருந்தும் பாதை இல்லை. இவற்றைத் தனித்தனி இனப் பிரச்சினைகளாகப் பேசும் வரைக்கும் அரசியல்வாதிகளுக்கு வேலை இலகு. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இந்த மாவட்டத்தின் காணி நிர்வாகத்தில் உள்ள ஓட்டை தெரியும்.

இனிக் கொட்டிலுக்குள் வருவோம். அனர்த்த காலங்களுக்கான சர்வதேச நியமங்களின்படி ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் கூரையிட்ட இடமும், நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீரும், 20 பேருக்கு ஒரு மலசலகூடமும் வேண்டும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 30 மீற்றர் இருக்க வேண்டும். எங்கள் கரையோர மணலில் தோண்டினால் சில அடியிலேயே தண்ணீர் வரும். அப்படிப்பட்ட நிலத்தில் கொட்டில்களை நெருக்கிப் போட்டால் குழியின் கழிவு கிணற்றுக்கு வராமல் எங்கே போகும்? வயலுக்குக் கிரவல் கொட்டி நிரப்பலாம் என்பார்கள். கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் அது குற்றம். அதைவிட முக்கியம், மாரி வெள்ளம் கடலுக்கு வடிந்தோடும் வழியும் அந்த வட்டைதான். மேற்கே தூரத்துக் காட்டுக் காணிக்குப் போனால் யானை. கடற்றொழில் செய்பவர் அங்கே நிற்கவும் மாட்டார், தோணி இருக்கும் இடத்துக்கே திரும்பி வருவார்.

பெண்களின் உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் வீடு பெரும்பாலும் மகளுக்குத்தான். தாயின் வீடு மகளுக்கு, மகளின் வீடு பேத்திக்கு. சுனாமிக்குப் பின்னர் பதிவுகள் ‘குடும்பத் தலைவர்’ பெயரில் எழுதப்பட்டன. தலைவர் என்றால் கணவர் என்று எடுத்துக்கொண்டார்கள். பெண்ணின் பெயரில் இருந்த வளவு கடலோடு போக, புதிய வீடு ஆணின் பெயரில் வந்தது. கொட்டிலுக்குப் பெயர் எழுதும் நாளிலேயே இருவர் பெயரையும் எழுதியிருந்தால் பிற்காலத்தில் பல குடும்பப் பிணக்குகளைத் தவிர்த்திருக்கலாம்.

அடுத்த அனர்த்தம் எப்போது என்று அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும். ஆயத்தம் செய்வது எங்கள் பொறுப்பு. ஒவ்வொரு பிரதேச செயலகமும் தன் எல்லைக்குள் அவசரத்துக்குப் பயன்படக்கூடிய அரச காணிகளின் பட்டியலை இப்போதே தயாரித்து வைக்கலாம். எந்தத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது, வெள்ளம் நிற்குமா, நல்ல தண்ணீர் உண்டா, பாதை உண்டா என்ற நாலு குறிப்புகள் போதும். தனியார் காணியானால் திகதி குறிப்பிட்ட உடன்படிக்கை வேண்டும். பயனாளிகள் பட்டியலைப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் விகாரையிலும் பாடசாலையிலும் ஒட்ட வேண்டும். கூரைக்கு முன்னர் கிணறும் மலசலகூடமும் வர வேண்டும். குடியேறிய வாரத்திலேயே கிராம உத்தியோகத்தர் அந்த முகவரியைப் பதிய வேண்டும்.

இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. எங்கள் பள்ளிவாசல் சம்மேளனங்கள் ஒரு மையித்துக்குக் கபுறு வெட்டுவது முதல் நூறு குடும்பத்துக்குச் சமைப்பது வரை சில மணி நேரத்தில் ஒழுங்கு செய்யக்கூடியவை. அந்தத் திறமையை அடுத்த மாரிக்கு முன்னர் ஒருதரம் பிரதேச செயலகக் காணிப் பிரிவின் பக்கமும் திருப்பட்டும். பட்டியலைக் கேளுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள்.