பிறையைத் தீர்மானிப்பது திகதிப் பெட்டியின் வேலையல்ல

கொஞ்சம் நீளமான பதிவுதான். பிள்ளைகளை வெப் டிவலப்மன்ட் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோரும், படிக்கிற பிள்ளைகளும் பொறுமையாக வாசியுங்கள்.

நம்ம பக்கத்தில் சந்திக்குச் சந்தி கணினி வகுப்பு. எல்லா விளம்பரத்திலும் "ரீயூசபிள் கம்போனன்ட்" என்று இருக்கிறது. அதாவது ஒரு பட்டனை, ஒரு படிவத்தை, ஒரு திகதிப் பெட்டியை ஒரு தடவை செய்து பல இடங்களில் பாவிப்பது. நல்ல விடயம்தான். ஆனால் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் கோடைப் பார்த்தால் சேர்வர் முகவரி, மொழி, லொகின் விபரம் எல்லாம் கம்போனன்ட்டின் வயிற்றுக்குள்ளேயே கிடக்கிறது. அடுத்த பக்கத்துக்குத் தேவைப்பட்டால் அதைக் கொப்பி பண்ணி இரண்டு வரியை மாற்றுகிறார்கள். இதற்குப் பெயர் மீள்பாவனையா? வெறும் கொப்பி!

இதற்கான மருந்து புதியதல்ல. டிபென்டன்ஸி இன்ஜெக்‌ஷன் என்பார்கள். ஒரு கம்போனன்ட் தனக்குத் தேவையானதைத் தானே உள்ளே உருவாக்காது; "எனக்கு இன்னது வேண்டும்" என்று மட்டும் சொல்லும்; கொடுப்பது வெளியே இருப்பவரின் பொறுப்பு. மார்ட்டின் ஃபௌலர் 2004இல் இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். கூகுளின் அங்குலர் ஆரம்பத்திலிருந்தே இதன் மேல்தான் நிற்கிறது.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹிஜ்ரி திகதிப் பெட்டி ஒன்று தேவை என்று வையுங்கள். ஸகாத் நிறைவேற்றும் நாளைக் குறிக்கும் படிவம், மத்ரஸா விடுமுறைப் பட்டியல், நோன்புக் கஞ்சிப் பொறுப்புப் பட்டியல் மூன்றுக்கும் ஒரே பெட்டி. பிரவுசரிலேயே சவூதியின் உம்முல் குரா கணக்கு இருக்கிறது. பிள்ளை அதை எடுத்துப் பெட்டிக்குள் பூட்டிவிடுகிறான். பார்க்க அழகாக வேலை செய்யும். ஆனால் நம் நாட்டில் பிறையை அறிவிப்பது கொழும்புப் பெரிய பள்ளிவாசலும் ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் சேர்ந்து. அந்த அறிவிப்பு கணக்கோடு ஒரு நாள் வித்தியாசப்பட்டால் மூன்று பக்கங்களும் பிழை. ஊர் நோன்பு பிடிக்கும்போது வெப்சைட் பெருநாள் என்று காட்டும்!

சரியான வழி அங்குலர் மெட்டீரியலின் திகதிப் பெட்டியிலேயே இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு எந்தக் காலண்டரும் சொந்தமாகத் தெரியாது. "டேட் அடாப்டர்" என்ற ஒன்றை வெளியிலிருந்து கேட்டு வாங்குகிறது. இந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்பதைக்கூட அதனிடம்தான் கேட்கும். 29ஆ 30ஆ என்று பதில் சொல்லும் அடாப்டரை, நம் நாட்டு அறிவிப்பைப் பார்த்துச் சொல்லும்படி நாம் எழுதிக் கொடுக்கலாம். பெட்டியில் ஒரு வரியும் மாறாது. ஓரிடத்தில் திருத்தினால் மூன்று பக்கமும் சரியாகும். சோதிப்பதும் இலேசு. 29 நாள் ரமழான் ஒன்றையும் 30 நாள் ரமழான் ஒன்றையும் பொய்யாகக் கொடுத்துப் பார்க்கலாம். பிறை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

"இது அங்குலர்காரர்களின் சமாச்சாரம், நாங்கள் ரியெக்ட் படிப்பிக்கிறோம்" என்று சில ஆசிரியர்கள் தட்டிக்கழிக்கிறார்கள். ரியெக்ட்டில் புரொப்ஸ் எதற்கு, கான்டெக்ஸ்ட் எதற்கு? வியூவில் புரொவைட், இன்ஜெக்ட் என்று பெயரிலேயே வைத்திருக்கிறார்களே! பெயரும் வசதியும் வேறு, கொள்கை ஒன்றுதான். "சின்ன புரொஜெக்ட்டுக்கு எதற்கு இவ்வளவு" என்பது அடுத்த சாட்டு. சின்னதில் பழகாத கை பெரியதில் எப்படிப் பழகும்?

மறுபக்கம் அளவு மீறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு சாதாரண பட்டனுக்குள் ஐந்து சேர்விஸை இன்ஜெக்ட் பண்ணுவதும் நோய்தான். பட்டனுக்கு எழுத்தும், அழுத்தினால் என்ன செய்வது என்பதும் போதும். அதை நேராகவே கொடுங்கள். காலண்டர், மொழி, லொகின் போலப் பல இடங்களுக்குப் பொதுவானதையும், இடத்துக்கிடம் மாறக்கூடியதையும்தான் இன்ஜெக்ட் பண்ண வேண்டும்.

பெற்றோரே, நகையை அடகு வைத்துக் கோர்ஸ் காசு கட்டுகிறீர்கள். சான்றிதழைப் பார்த்து மட்டும் யாரும் வேலை தரமாட்டார்கள். நேர்முகத் தேர்வில் கோடைத் திறந்து "இதை மாற்றிக் காட்டு" என்பார்கள். ஆகவே காசு கட்ட முதல் அந்த ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளை செய்யும் கம்போனன்ட்டை, உள்ளே கை வைக்காமல் வேறு பள்ளிவாசலின் வெப்சைட்டில் வைக்க முடியுமா?" பதில் தடுமாறினால் காசை மடித்து வைத்துக்கொண்டு அடுத்த வகுப்பைப் பாருங்கள்.

மாற்றுக் கருத்துள்ள ஆசிரிய சகோதரர்கள் கீழே எழுதுங்கள். கோடோடு வாருங்கள், பேசுவோம்.