அம்மா பெயரில் ஓர் அட்டை



“டி.வி.யை அணைத்துவிட்டு என்னதான் செய்வது?” நமக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். அணைக்கச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அணைத்த பிறகு அந்த இரண்டு மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

முதலில் ஒன்றை மனம்விட்டுப் பேசிவிடுவோம். பல வீடுகளில் சாயந்திரம் சீரியல் ஓடும் நேரம்தான் இல்லத்தரசிக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு. அப்போதும் கை சும்மா இருக்காது. கீரை ஆய்ந்துகொண்டோ, துணி மடித்துக்கொண்டோதான் பார்ப்பார். அந்த டி.வி.யை அணைத்துவிட்டால் அவருக்கு ஓய்வு கூடுமா, இன்னொரு வேலை கூடுமா? பதில் நம் எல்லோருக்கும் தெரியும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கோ அந்தச் சத்தமே துணை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

நான் கேட்பது சின்ன விஷயம். வாரத்தில் ஒரே ஒரு சாயந்திரம், வீட்டை விட்டு வெளியே வந்து நிம்மதியாக உட்கார ஓர் இடம். யாரும் ‘தண்ணி கொண்டா’ என்று கூப்பிடாத இடம். டிக்கெட் எடுக்க வேண்டாத இடம். அப்படி ஒன்று உங்கள் பகுதியிலேயே இருக்கலாம். அரசு கிளை நூலகம்.

அதற்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், தெரியுமா? தமிழ்நாட்டில் சொத்து வரியுடன் நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. ரூபாய்க்குப் பத்து பைசா. சொத்து வரி 2,000 ரூபாய் என்றால் நூலகங்களுக்கு 200 ரூபாய். வாடகை வீட்டில் இருப்பவர்களும் விலக்கில்லை. வீட்டுக்காரர் கட்டும் வரி எதிலிருந்து போகிறது, நம் வாடகையிலிருந்துதானே?

இந்த ஏற்பாட்டுக்கு நல்ல வரலாறு உண்டு. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது நம் சென்னை மாகாணம்தான், 1948-ல். அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே. வயலில் வேலை முடிந்து வருகிறவரிடம் புத்தகம் தானாகப் போய்ச் சேர வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். இன்று நாம் இரண்டு தெரு நடந்தால் போதும். நடக்கிறோமா?

‘எங்க ஊர் லைப்ரரியைப் பார்த்திருக்கிறீர்களா சார்?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பார்த்திருக்கிறேன். பல இடங்களில் கட்டடம் பழசு. மின்விசிறி ஓடினால் சத்தம் போடும். பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நாற்காலிகளை நிறைத்திருப்பார்கள். பாவம், அவர்களுக்கும் வேறு இடம் ஏது? ஆனால் குடும்பங்கள் எட்டிப் பார்க்காத வரை இந்தக் குறைகளைக் கேட்கவும் ஆள் இருக்காது. பத்து பெண்கள் வாரந்தோறும் வந்து உட்காரும் நூலகத்தில் கழிப்பறை கேட்டு மனு கொடுத்தால், அந்த மனுவைத் தள்ளிவைப்பது அவ்வளவு சுலபமில்லை.

சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மதுரையில் புது நத்தம் சாலையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துவிட்டது. இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. விடுமுறையில் ஒருநாள் போய்வரலாம். ஆனாலும் பழக்கம் ஒட்டுவது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நூலகத்தில்தான்.

இப்போது என் உண்மையான கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் நூலக உறுப்பினர் அட்டை யார் யாரிடம் இருக்கிறது? பிள்ளைக்கு எடுத்திருப்பீர்கள். அப்பாவிடம் பழைய அட்டை ஒன்று இருக்கலாம். அம்மாவிடம்? “அவளுக்கு எங்கே நேரம்?” என்பீர்கள். அந்த நேரத்தை உண்டாக்க வேண்டியது வீட்டில் உள்ள மற்றவர்கள் அல்லவா? ஞாயிறு காலை வேண்டாம். அது கறிக்குழம்பு கொதிக்கிற நேரம், அவருக்கு வாரத்திலேயே வேலை அதிகமான நாள். சனிக்கிழமை சாயந்திரம் எப்படி? அன்று இரவுக்கு அப்பாவும் பிள்ளைகளும் தோசை ஊற்றட்டும். மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

உறுப்பினர் ஆவதும் கஷ்டமில்லை. முகவரிச் சான்று, சிறிய வைப்புத் தொகை, அவ்வளவுதான். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. திறந்திருக்கும் நேரம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், வாசலில் உள்ள பலகையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எடுத்தவுடன் கனமான நாவல் வேண்டாம். பலகாரப் புத்தகமோ, பயணக் கட்டுரையோ, பழைய தீபாவளி மலரோ, கைக்கு எது இணக்கமோ அதை எடுக்கலாம். நான்கு பக்கம் படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தாலும் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

வீட்டுக்கு வந்த புத்தகத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. பாட்டிக்குக் கண்புரை, எழுத்து தெரியவில்லை. பேத்திக்குத் தமிழ் வாசிப்பு தட்டுத் தடுமாறுகிறது. பேத்தி உரக்கப் படிக்க, பாட்டி கேட்க, தப்பாகப் படித்த வார்த்தையைப் பாட்டி திருத்த, தினமும் பத்து நிமிடம் போதும். டியூஷனுக்குப் பணம் கட்டி வாங்க முடியாத பயிற்சி அது. தனிமையில் இருக்கும் பெரியவருக்கும் பேச்சுத் துணை கிடைக்கிறது.

இந்த மாதம் உங்கள் கிளை நூலகத்துக்குப் போய்விட்டு எங்களுக்கு எழுதுங்கள். என்ன புத்தகம் எடுத்தீர்கள், அங்கே என்ன வசதி குறைகிறது, பெண்கள் உட்கார இடம் இருக்கிறதா, எதையும் மறைக்காமல் எழுதுங்கள். குறைகளைச் சொல்லும் கடிதங்களைக் கட்டாயம் வெளியிடுவோம். முதல்முறையாக அட்டை வாங்கிய அம்மாக்களின் கடிதங்களுக்கு முதலிடம்.

அன்புடன்,
ஆசிரியர்