கொன்றது கிருமி மட்டும்தானா?

2015-ம் ஆண்டில் ஹூனிபெரோ செர்ரா என்ற ஸ்பானியப் பாதிரியாருக்குப் போப்பாண்டவர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் அளித்தார். கலிபோர்னியாவின் பூர்வகுடி மக்களின் வழித்தோன்றல்கள் பலர் அப்போது எதிர்ப்புக் குரல் எழுப்பினர். அந்தக் குரலின் பின்னே ஒரு ஜனசமூகத்தின் மரணக் கணக்கு இருக்கிறது.

செர்ரா 1769-ல் சான் டியேகோவில் முதல் மிஷனை நிறுவினார். 1823-க்குள் தெற்கே சான் டியேகோவிலிருந்து வடக்கே சொனோமா வரை கடற்கரையோரமாக 21 மிஷன்கள் எழுந்தன. பாதிரிமார் நிர்வகித்தனர், ஸ்பெயின் மன்னரின் சிப்பாய்கள் காவல் நின்றனர். அப்போது கலிபோர்னியா முழுவதிலும் சுமார் 3 லட்சம் பூர்வகுடி மக்கள் வாழ்ந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1846-ல் அது சுமார் ஒன்றரை லட்சமாகக் குறைந்தது. மிஷன்கள் இருந்த கடற்கரைப் பகுதியில்தான் அழிவு கடுமையாக இருந்தது.

"என்ன செய்வது? ஐரோப்பியரோடு வந்த வியாதிகளை எதிர்க்கும் சக்தி அந்த மக்களின் உடலில் இல்லை. இதில் யார் குற்றம்?" என்று கேட்பவர்கள் உண்டு. வியாதி வந்தது உண்மை. சிப்பாய்கள் மேகநோயைக் கொண்டுவந்தனர். 1806-ல் தட்டம்மை மிஷன் மிஷனாகப் பரவிக் குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வியாதி எப்படிப்பட்ட வாழ்க்கையின்மீது வந்து விழுந்தது? அதுதான் கேள்வி.

முதலில் உணவைப் பாருங்கள். அந்த மக்கள் புல்விதை, ஓக் மரக் கொட்டை, மீன், மட்டி, வேட்டை என்று பலவகை உணவு தேடி வாழ்ந்தவர்கள். விதைப்புல் செழித்து வளர, காலமறிந்து புல்வெளிக்குத் தீ வைப்பது அவர்களது வழக்கம். மிஷன்களின் ஆடுமாடுகள் அந்தப் புல்வெளியை மேய்ந்து தீர்த்தன. 1793-ல் கவர்னர் தீ வைப்பதையே தடை செய்தார். சாப்பாட்டுக்கு வழியற்றவன் மிஷன் வாசலுக்கு வந்துதானே தீரவேண்டும்?

வந்தவன் ஞானஸ்நானம் பெற்றபின் தன் இஷ்டப்படி ஊர் திரும்ப முடியாது. போனால் சிப்பாய்கள் பிடித்து வருவார்கள். மணி அடித்தால் ஜெபம், மணி அடித்தால் வேலை, மணி அடித்தால் கஞ்சி. ஆலைச் சங்குக்கு ஓடும் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆலைத் தொழிலாளிக்குக் கூலி உண்டு, போக வீடு உண்டு. இவர்களுக்கு இரண்டும் இல்லை. பச்சைக்கல் அறுப்பதும், கோதுமை விளைவிப்பதும், தோல் பதனிடுவதும், கொழுப்பு உருக்குவதும் இவர்கள் வேலை. சிறுமிகளையும் மணமாகாத பெண்களையும் இரவில் தனிக் கொட்டடியில் அடைத்துப் பூட்டினார்கள். காற்றோட்டமில்லாத அந்த நெரிசலில் ஒருத்திக்குக் கண்ட வியாதி அத்தனை பேரையும் தொற்றாமல் விடுமா?

1786-ல் மான்டெரே பக்கம் வந்த பிரெஞ்சு மாலுமி லா பெரூஸ், மிஷனில் மனிதர்களை விலங்கிட்டும் தொழுமரத்தில் மாட்டியும் வைத்திருந்ததைக் கண்டார். மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்கள்தான் அவருடைய நினைவுக்கு வந்தன.

பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியமும் இருக்கிறது. 1795-ல் சான் பிரான்சிஸ்கோ மிஷனிலிருந்து 200-க்கும் மேற்பட்டோர் தப்பி ஓடினர். அவர்களில் பிடிபட்டவர்களிடம் 1797-ல் அதிகாரிகள் காரணம் கேட்டுப் பதிவு செய்தனர். மிலான் என்பவர் சொன்னது இது: தோல் பட்டறையில் நாள் முழுதும் வேலை, தனக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் உணவில்லை. வேலை முடிந்து குடும்பத்துக்காக மட்டி பொறுக்கப் போனார். அதற்குச் சவுக்கடி கிடைத்தது. திபுர்சியோ என்பவர் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவர். அழுத குற்றத்துக்காக அவரை ஐந்து முறை அடித்தார்கள். இதையும் கிருமியின் கணக்கில் எழுதலாமா?

மிஷன்களின் சொந்தப் பதிவேடுகளே மற்றதைச் சொல்லுகின்றன. 1769 முதல் 1850 வரையிலான பதிவுகளை ஹன்டிங்டன் நூலகம் கணினியில் தொகுத்துள்ளது. ஞானஸ்நானம் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். அடக்கம் சுமார் 71 ஆயிரம். குடியேறிகளும் இதில் உண்டு என்றாலும் மிகப் பெரும்பாலோர் பூர்வகுடிகளே. சான் கார்லோஸ் மிஷனில் பிறந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு வயதைக் காணவில்லை. பிறப்பைச் சாவு விஞ்சியது. புதிய கிராமங்களிலிருந்து புதிய ஆட்களைச் சேர்த்தே மிஷன்கள் வேலையை நடத்தின. ஆள் மாண்டுகொண்டே இருப்பது பாதிரிமாரின் கண்ணெதிரே, அவர்கள் கைப்படவே, ஆண்டுதோறும் எழுதப்பட்டது. ஆனாலும் கொட்டடியின் பூட்டு திறக்கவில்லை.

அந்த மக்கள் வாய்மூடிக் கிடக்கவுமில்லை. 1775-ல் சான் டியேகோவில் குமெயாய் மக்கள் மிஷனைத் தாக்கினர். 1785-ல் சான் கேப்ரியலில் எழுச்சிக்குத் திட்டமிட்டவர்களில் தொய்புரினா என்ற பெண்ணும் ஒருவர். 1824-ல் ஒரு சவுக்கடியிலிருந்து கிளர்ந்த சுமாஷ் மக்கள் மூன்று மிஷன்களில் எழுந்து, லா புரிசிமாவை ஏறத்தாழ ஒரு மாதம் தங்கள் கையில் வைத்திருந்தனர்.

1833-ல் மெக்சிகோவின் சட்டம் மிஷன்களின் ஆட்சிக்கு முடிவு கட்டியது. உழைத்தவர்களுக்குப் பங்கு உண்டு என்றார்கள். நிலமோ பெரும் பண்ணைக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. பின்னர் வந்த அமெரிக்க ஆட்சி 1850-ல் ஒரு சட்டம் போட்டது. வேலையின்றித் திரியும் பூர்வகுடியைப் பிடித்து, அதிகத் தொகை கேட்பவனிடம் வேலைக்கு விடலாம் என்றது அச்சட்டம். துப்பாக்கியும் அதனுடன் சேர்ந்தது. 1870-களின் தொடக்கத்தில் எஞ்சியவர்கள் சுமார் 30 ஆயிரம் பேர். 2019-ல் கலிபோர்னியா கவர்னர் மாநிலத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்டு, நடந்தது இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த மன்னிப்பு அமெரிக்க மாநிலம் செய்த கொடுமைகளுக்கே. மிஷன் காலத்துக்கு அல்ல.

எவருடைய பக்தியையும் பழிப்பது நமது நோக்கமல்ல. பக்தியின் பெயரால் பூட்டிய கதவுக்குப் பின்னே என்ன நடந்தது என்பதையே கேட்கிறோம். நிலம் பறிபோய், கூலியின்றி உழைத்து, அரை வயிற்றுக் கஞ்சியோடு கொட்டடியில் அடைபட்ட மனிதனை வியாதி சுலபமாகக் கொல்லும். அந்தச் சாவுக்குக் கிருமியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, பூட்டுப் போட்டவனைத் தப்பவிடுவதாகும். சுமாஷ், ஓலோனி மக்களின் சந்ததியார் இன்றும் அதே மண்ணில் வாழ்கிறார்கள். தங்கள் முன்னோர் எப்படி மாண்டார்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள் என்கிறார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது.