கண்ணப்பரும் மயூரனும்

மீனாட்சிபுரத்துச் சிற்றிதழ் பழைய கன்னடப் படங்களைப் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். கன்னடத் திரையின் நாயகர் ராஜ்குமார் பிறந்தது தாளவாடி அருகே தொட்டகாஜனூரில். 1956இல் மாநில எல்லைகள் மாறியபோது கோவை மாவட்டத்துக் கொள்ளேகால் மைசூரோடு போயிற்று. தாளவாடி தமிழ்நாட்டிலேயே நின்றுவிட்டது. கேரளத்தில் தமிழ் பேசி வாழும் நமக்கு, தமிழ்நாட்டுக் கன்னடக் கிராமம் ஒன்றின் மனநிலையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 2000 ஜூலையில் வீரப்பன் அந்த ஊரிலிருந்து அவரைக் கடத்தி 108 நாள் காட்டில் வைத்திருந்த கதையைத் தாண்டி, தமிழர்களில் பெரும்பாலோர் ராஜ்குமாரை அறியவில்லை. இது நமக்குப் பெரிய இழப்பு.

அவர் நாயகனாக வந்த முதல் படம் எச்.எல்.என். சிம்ஹா இயக்கிய 'பேடர கண்ணப்ப' (1954). குப்பி வீரண்ணாவின் நாடக மரபும் ஏவி. மெய்யப்பனின் சென்னை ஸ்டுடியோவும் கைகோத்த படம் அது. கதையோ சேக்கிழார் பாடிய திண்ணன் கதை. நம் அடியார்களை ஹரிஹரர் போன்ற கவிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கன்னடத்தில் பாடிவிட்டார்கள். அதனால் மைசூர்க்காரர்களுக்குக் கண்ணப்பன் விருந்தாளி அல்ல, வீட்டுப் பிள்ளை.

'பக்த கனகதாச'விலும் (1960) ராஜ்குமார்தான். உடுப்பிக் கோயிலுக்குள் விடப்படாத கனகருக்காகக் கிருஷ்ணனே திரும்பி நின்றான் என்பது ஐதீகம். இத்தகைய படங்களில் அடியவன் பட்ட அவமானத்துக்குத் தெய்வம் பதில் சொல்கிறது. பழிவாங்கும் படங்களில் தெய்வம் விலகிக்கொள்ள, நாயகன் தானே கணக்குத் தீர்க்கிறான். காயம் இரண்டிலும் ஒன்றுதான். பக்திப் படத்தைப் பழமை என்றும் பழிப்படத்தை மசாலா என்றும் ஒதுக்குகிற விமர்சனம் இந்தக் காயத்தைப் பார்ப்பதே இல்லை.

ராஜ்குமார் நடித்த பழிப்படமான 'மயூர' (1975) நம்மைச் சுடவேண்டிய படம். வேதம் படிக்கக் காஞ்சிக்குப் போன மயூரசர்மன் பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு மூண்ட சண்டையில் வெகுண்டு, ஓதுவதை விட்டு வாளெடுத்ததைத் தாளகுந்தா தூண் கல்வெட்டு சொல்கிறது. கதம்ப அரசு அப்படிப் பிறந்தது. படத்தில் எதிரிகள் காஞ்சிப் பல்லவர்கள். நாமோ பல்லவர்களைக் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' வழியாக நேசித்தவர்கள். கன்னட நாட்டு வாதாபி எரிந்தபோது மகிழ்ந்தவர்கள். அந்த மகிழ்ச்சிக்கு மறுபக்கத்தில் ஒரு மக்கள் கூட்டம் இருந்ததை நம் நாவலோ நம் சினிமாவோ நமக்குக் காட்டவில்லை. கன்னடம் நம்மிடமிருந்து கண்ணப்பரை வாங்கிக் கொண்டாடியது. நம் காஞ்சியிடம் பட்ட அவமானத்தையும் அது மறக்கவில்லை. ராஜ்குமார் என்ற ஒரே நடிகரின் முகத்தில் இரண்டையும் பார்க்கலாம்.

பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் திரைப்படச் சங்கம் நடத்தும் நண்பர்கள் 'பேடர கண்ணப்ப', 'மயூர' ஆகிய இரு படங்களையும் தமிழ் வசன வரிகளோடு அடுத்தடுத்த மாலைகளில் திரையிட வேண்டும். தாளவாடியிலிருந்து கன்னடம் பேசுகிறவர்களை அழைத்து, பல்லவர்கள் தோற்கும் காட்சியை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வசன வரிகளைத் தமிழில் எழுதித் தரும் வேலையை இந்த இதழ் ஏற்றுக்கொள்கிறது.