மீட்டர் சொல்லாத மைல்

சென்ற வாரம் காஞ்சிபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காஞ்சிபுரம் என்றதும் புடவைச் சமாசாரம் என்று நிமிர்ந்து உட்காருகிறீர்கள், தெரிகிறது! அதுவும் வரும். முதலில் ஒரு கிழட்டுக் கார்.

எங்கள் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. 1961-ல் சென்னையில் தயாராகத் தொடங்கிய ஜாதி. பழைய வண்டியாகத்தான் வாங்கினார். கடைசி வரையில் அதையே ஓட்டினார். இப்போது அக்கா பெண்ணுக்குக் காலேஜ் சம்பளம் கட்டவேண்டும். பழைய கார்களைச் சேகரிக்கும் சென்னைக்காரர் ஒருவர் பார்க்க வருவதாக ஏற்பாடு. அத்தான் பெயிண்ட் அடித்து, ஸீட் மாற்றி, வண்டியைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்.

"மீட்டரையும் சைபர்ல வச்சிடட்டுங்களா சார்? புது வண்டி மாதிரி இருக்கும்" என்றார் மெக்கானிக்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கியர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் சுழன்று வந்து மீட்டரின் பல் சக்கரங்களைத் திருப்புகிறது. எண் போட்ட சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், பக்கத்துச் சக்கரம் ஓர் எண் நகரும். மீட்டரைக் கழற்றி, சக்கரங்களைப் பிரித்து, வரிசையாகச் சைபரை வைத்து மூடினால் தீர்ந்தது.

"அப்பா ஓட்டின மைலை அழிக்கவா?" என்று உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. மெக்கானிக் மறுபேச்சுப் பேசவில்லை.

அமெரிக்காவில் ஏமாற்றும் நோக்கத்தோடு மீட்டரைத் திருப்புவதை 1972-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ரிப்பேரில் பழைய எண்ணை வைக்க முடியாமல் போனால் சைபரில் வைக்கலாம். ஆனால் முந்தைய கணக்கையும் தேதியையும் எழுதி, இடது கதவுச் சட்டத்தில் ஒட்டிவிட வேண்டும். நல்ல ஏற்பாடு, இல்லையா?

புடவைக்கு வருகிறேன். காஞ்சிபுரம் சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியவேண்டும். பழைய கார் வாங்கும்போதும் அப்படிச் சுரண்டிப் பாருங்கள். மீட்டர் இருபதாயிரம் காட்டுகிறது, பிரேக் மிதியின் ரப்பரோ தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது என்றால் ரப்பரையே நம்புங்கள். பழைய மீட்டரில் எண்கள் கோணலாக நின்றாலும் சந்தேகப்படலாம். இந்தக் காலத்து எலெக்ட்ரானிக் மீட்டரையும் கம்ப்யூட்டரை வைத்து மாற்றிவிடுகிறார்கள். அங்கே சர்வீஸ் ரசீதுகள்தாம் துணை.

சரி, எங்கள் மீட்டரை யாரும் தொடவில்லை. 61,408 மைல் என்று சாதுவாக நின்றது. ஆனால் எனக்கு ஒரு ஞாபகம். பள்ளிக்கூட நாளில் சுங்குவார்சத்திரம் தாண்டியதும் அப்பா வண்டியை மெதுவாக்கி, "பாருங்கள், பாருங்கள்!" என்றார். ஐந்து ஒன்பதுகளும் ஒன்றாகப் புரண்டு ஐந்து சைபர்கள் ஆயின. நானும் அக்காவும் கை தட்டினோம். ஆகவே உண்மைக் கணக்கு குறைந்தபட்சம் 1,61,408!

வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "அறுபத்தோராயிரம்தானா? பரவாயில்லையே!" என்றார்.

அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நான் விட்டத்தைப் பார்த்தேன். அக்கா பேசாமல் உள்ளே போய், அப்பாவின் பழுப்பேறிய நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். தேதி, மைல், பெட்ரோல், போன ஊர் எல்லாம் அவர் கையெழுத்தில்.

பத்து நிமிஷம் புரட்டினார் மனிதர். பிறகு விலையில் இருபதாயிரம் ரூபாய் குறைத்தார். அத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பணத்தை எண்ணி வைத்துவிட்டு, "இந்த நோட்டையும் கொடுத்துவிடுங்களேன், அம்மா" என்றார் அவர்.

அக்கா பெண்ணைக் கூப்பிட்டாள். "தெருக்கோடிக்கு ஓடிப் போய் இதை ஜெராக்ஸ் எடுத்து வா. அசலைப் பத்திரமாகக் கொண்டு வரணும்" என்றாள்.