சட்டம் படித்த பெண்பிள்ளைகளும் நமது கடைக் கணக்கும்

காத்தான்குடியில் மொத்த வியாபாரம் செய்யும் எனக்கு, வாழைச்சேனைப் பக்கம் ஒரு சில்லறைக் கடைக்காரர் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா தர வேண்டியிருந்தது. சாமான் எடுத்து ஒரு வருடமும் நாலு மாதமும் கடந்துவிட்டன. பெருநாள் கழியட்டும், வேளாண்மை வெட்டட்டும் என்று அவர் தவணை சொல்லிக் கொண்டேயிருந்தார். முகத்தாட்சண்யம் பார்த்து நானும் இருந்துவிட்டேன். கடைசியில் பொறுமை இழந்து, மட்டக்களப்பு நகரில் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியைத் தேடிப் போனேன்.

அவர் நீதிமன்றத்தில் இருந்தார். அலுவலகத்தில் இருந்தவர் அவரிடம் கனிஷ்ட சட்டத்தரணியாகப் பணியாற்றும் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை. "சேர் வரட்டும் மகள், நான் இருந்து பார்த்துட்டுப் போறன்" என்றேன். "இருங்க ஹாஜியார், அதுக்குள்ள கொப்பியைத் தாங்க, நான் பார்த்து வைக்கிறன்" என்று கடன் கொப்பியை வாங்கிப் புரட்டினார். பத்து நிமிடம் சென்றிருக்கும். "இவர் கடைசியாக எப்ப காசு தந்தவர்? கொப்பியில அவர்ர கையெழுத்து எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் என் பணம் தங்கியிருந்தது என்பது பிறகுதான் விளங்கியது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, விற்றுக் கொடுத்த சாமானுக்கும் கடைக் கொப்பிக் கடனுக்கும் வழக்குப் போட உள்ள அவகாசம் ஒரே ஒரு வருடம். எழுத்தில் செய்த ஒப்பந்தத்துக்கும் வாக்குறுதிச் சீட்டுக்கும் ஆறு வருடம் உண்டு. வெறும் கொப்பிக் கடனுக்கு அது இல்லை. ஆனால் கடன்பட்டவர் இடையில் ஒரு பகுதியைச் செலுத்தியிருந்தால், அல்லது கடன் உண்டு என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தால், அன்றிலிருந்து கணக்குப் புதிதாகத் தொடங்கும். எனது கடைக்காரர் ஏழு மாதத்துக்கு முன் பத்தாயிரம் ரூபா தந்து, கொப்பியில் ஒப்பமும் வைத்திருந்தார். அன்றே கடிதம் போனது. வழக்குக்குப் போகாமலே நாலு தவணையில் பணம் வந்து சேர்ந்தது.

முப்பது வருடம் வியாபாரம் செய்தவன் நான். இந்த ஒரு வருடக் கணக்கு எனக்குத் தெரியாது. வாசிக்கும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, இன்று இரவு கொப்பியை எடுத்துப் பாருங்கள்.

ஆனால் நான் எழுத வந்தது கடனைப் பற்றியல்ல. அந்தப் பிள்ளை ஊருக்கு வந்து அப்போது இரண்டு வருடம். அவருடைய வாப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இரண்டு வருடத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட நான் அவரிடம் கொடுத்ததில்லை. ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பெண்பிள்ளை, சத்தமாகப் பேசமாட்டாள், எதிர்த்தரப்பு ஏறி மிதித்துவிடும் என்ற நினைப்பைத் தவிர வேறு காரணம் என்னிடம் இருக்கவில்லை.

இலங்கையில் பெண்கள் சட்டத் தொழிலில் ஈடுபட இருந்த தடை 1933ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் மூலம் நீக்கப்பட்டது. 1996இல் ஷிராணி பண்டாரநாயக்க உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதியரசரானார். 2011இல் பிரதம நீதியரசருமானார். 2024 டிசம்பரில் முர்து பெர்னாண்டோ அதே ஆசனத்தில் அமர்ந்தார். மேல் மாடியில் கதவு திறந்திருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. நமது பிள்ளைகள் நிற்பதோ கீழே, நீதிமன்ற விறாந்தையில்.

அந்த விறாந்தைக்கு வந்து சேரவே எவ்வளவு செலவு! கொழும்பு புதுக்கடையில் உள்ள சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை, மூன்று வருடப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, பிறகு ஒரு சிரேஷ்டரிடம் ஆறு மாதப் பயிற்சி. சத்தியப்பிரமாணம் செய்து ஊருக்கு வந்த பின்னும் சம்பளம் என்று ஒன்று இல்லை. வழக்கு வந்தால் காசு. வழக்கு எப்படி வருகிறது? தேநீர்க் கடையில், பொலிஸ் நிலைய வாசலில், ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில், கலியாணச் சபையில் வருகிறது. ஆண் சட்டத்தரணி நம்மை அங்கெல்லாம் சந்திக்கிறார், சுகம் விசாரிக்கிறார், நம்பரைத் தருகிறார். பெண் சட்டத்தரணிக்கு அந்த இடங்களில் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகில் பல இடங்களில் பெண் சட்டத்தரணி தொழிலை ஆரம்பிப்பது குடும்ப வழக்குகளில்தான். நம் சமூகத்தில் அந்த வாசலும் இல்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதி முன்னிலையில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. காதியாக நியமனம் பெறக்கூடியவரும் ஆண் மட்டுமே. அதைத் திருத்துவதா, எப்படித் திருத்துவது என்று ஆலிம்களும் சட்ட அறிஞர்களும் பல வருடமாகப் பேசுகிறார்கள். அதற்குள் இந்தப் பத்தி நுழையாது. எனது கணக்கு வியாபாரக் கணக்கு. அந்த வருமானம் இல்லாத பிள்ளை காணி, குத்தகை, கடன், கம்பனி ஆகியவற்றை நம்பித்தான் பிழைக்க வேண்டும். அந்தக் காகிதங்களெல்லாம் யாருடைய இரும்புப் பெட்டியில் இருக்கின்றன? நம்முடைய பெட்டியில்.

வாவியின் இரு கரையிலும் பெண் பேரில் இருக்கும் சொத்தை எண்ணிப் பாருங்கள். வீடு வளவு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார் என்பது நமது வழமை. சீதன உறுதிகள் உம்மாமாரின், மகள்மாரின் பெயரில் இருக்கின்றன. கையொப்பம் வைக்க வேண்டியவர் பெண். ஆனால் நொத்தாரிசு முன்னால் அமர்ந்து பேசுவது வாப்பா, காக்கா, மச்சான். அந்தப் பெண் உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதைக்கூட நான் கண்டதில்லை. இந்தியாவில் கொர்னீலியா சொராப்ஜி என்ற பெண், 1892இல் ஒக்ஸ்போர்டில் சட்டப் பரீட்சை எழுதியும், நீதிமன்றத்தில் வழக்காட அனுமதியின்றிப் பல வருடம் காத்திருந்தவர். திரைக்குள் வாழ்ந்த, ஆனால் பெருஞ்சொத்துக்கு உரிமையான பெண்களுக்கு ஆண் சட்டத்தரணியிடம் நேரில் பேச வழியில்லை என்று கண்டு, அவர்களிடம் தானே போனார். 1904இல் வங்காள அரசாங்கம் அந்த வேலைக்கென்றே அவரை நியமித்தது. எமது ஊரில் அதே தேவை, வேறு உருவத்தில், நூறு வருடத்துக்குப் பிறகும் இருக்கிறது.

அதே வழமை ஒரு பெரிய வசதியையும் தருகிறது, இதை யாரும் பேசுவதில்லை. சட்டத்தரணியின் முதல் என்பது ஊர் அறிமுகம். மற்ற ஊர்களில் கலியாணம் முடித்த பெண் கணவனின் ஊருக்குப் போய், அங்கே முகம் தெரியாதவளாகப் புதிதாகத் தொடங்க வேண்டும். நமது பிள்ளை பிறந்த வளவிலேயே இருக்கிறாள். முன்னறையில் ஒரு மேசையும் அலுமாரியும் போட்டால் நொத்தாரிசு அலுவலகம் தயார். பிள்ளைகள் சிறியதாயிருக்கும் காலத்தில் நீதிமன்றம் போகாமலே உறுதி எழுதலாம், ஒப்பந்தம் எழுதலாம். மாதம் 15ஆம் திகதிக்குள் முந்திய மாத உறுதிகளின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பினால் சரி. இவ்வளவு வசதி இருந்தும் அந்த முன்னறைகள் பூட்டிக் கிடக்கின்றன. குற்றம் முழுவதும் நம்மில் இல்லை. கலியாணக் கடிதத்தில் பெயருக்குப் பின்னால் போடுவதற்கு மட்டும் பட்டத்தை விரும்பும் குடும்பங்களும் இருக்கின்றன. காலையில் ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும் என்று நம்பி வருபவரைப் பதினொரு மணிவரை காக்க வைத்தால் அவர் மறுபடி வரமாட்டார். நமது கடைக்கும் அதுதான் சட்டம்.

நாம் செய்யும் ஒரு வேலை இன்னும் மோசமானது. "நம்ம பிள்ளைதானே" என்று தொலைபேசியில் ஆலோசனை கேட்டுக்கொண்டு, காசு கொடுக்கும் வேலையை நகரத்துப் பெரியவரிடம் கொண்டுபோகிறோம். அவரிடம் கட்டணம் பேசக்கூடக் கூச்சப்படுகிறோம். பிள்ளையிடம் இலவசம் கேட்கக் கூச்சமில்லை.

1905ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சட்டத்தரணி எம்.சீ. அப்துல் காதரைத் துருக்கித் தொப்பியைக் கழற்றும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த வருடம் டிசம்பர் 31ஆம் திகதி கொழும்பு மருதானையில் முஸ்லிம்கள் பெருங்கூட்டம் கூட்டினார்கள். வர்த்தகர்கள் அதில் முன்நின்றார்கள். ஒரு சட்டத்தரணியின் தலையிலிருந்த தொப்பிக்காக நாடே திரண்ட சமூகம் இது. இன்று முக்காட்டோடு அதே தொழிலுக்குப் போகும் பிள்ளைக்குக் கூட்டம் வேண்டாம். ஒரு கோவை கொடுத்தால் போதும்.

எந்தக் கோவை? வெள்ளைத் தாளில் எழுதிய கடைக் குத்தகையிலிருந்து ஆரம்பிக்கலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். நமது பஸார்களில் எத்தனை கடை அப்படி எழுதப்பட்டிருக்கிறது? பங்காளி ஒப்பந்தம், விநியோக ஒப்பந்தம், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கம்பனிப் பதிவு ஆகியவையும் இருக்கின்றன. கொழும்பில் இளம் சட்டத்தரணிகள் பெரிய நிறுவனங்களில் இருந்து இவற்றைச் சம்பளத்துடன் பழகுகிறார்கள். மட்டக்களப்பில் அப்படிப் பழக இடமில்லை. வாடிக்கையாளரின் காகிதத்தில்தான் பழக வேண்டும். வர்த்தக சங்கங்கள் இரண்டு, மூன்று பிள்ளைகளை மாதக் கட்டணத்துக்கு அமர்த்தி, வாரம் ஒரு நாள் அங்கத்தவர்களின் கொப்பிகளைப் பார்க்கச் செய்யலாம். ஒரு காலாவதியான கடனைத் தடுத்தாலே அந்த வருடக் கட்டணம் மிஞ்சும்.

எனது கடைக் குத்தகை அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் வேலையை அந்தப் பிள்ளையிடமே கொடுத்தேன், கட்டணமும் பேசி முடித்தேன். நான் எழுதிக் கொடுத்த நிபந்தனைகளில் மூன்று இடத்தில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இரண்டு சரி. மூன்றாவது எனக்குச் சம்மதமில்லை. நாளை அஸருக்குப் பிறகு போய்ப் பேச வேண்டும்.